கோடை முடிவில் தரவைகளையும் கணக்கெடுக்க வேண்டும்

வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களப் பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கு,

வடகீழ்ப் பருவமழைக்கு முந்திய ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் கடனீரேரிகள் வற்றிச் சுருங்க, அராலி, நாவற்குழி, மண்டைதீவு, தொண்டைமானாறு ஆகிய இடங்களில் ஈரச் சேறும், அதையொட்டித் தரவை எனப்படும் உவர்ப் புல்வெளியும் பரந்து வெளிப்படுகின்றன. பயிரும் குடியிருப்பும் அற்ற இவ்வெளிகள் பயனற்ற நிலமாகவே கோப்புகளில் இடம்பெறுகின்றன; ஆனால் வலசைப் பறவைகள், அதாவது இனப்பெருக்க நிலத்துக்கும் குளிர்கால உறைவிடத்துக்கும் இடையே ஆண்டுதோறும் பயணிக்கும் பறவைகள், முதன்முதலில் வந்திறங்குவது இப்பருவத்திலேயே ஆகும்.

ஆர்க்டிக் பகுதியிலிருந்து இந்து சமுத்திரம் வரை நீளும் மத்திய ஆசிய வலசைப் பாதையின் தென்கோடியில் இலங்கை அமைந்திருப்பதால், இமயத்திலும் திபெத் மேட்டுநிலத்திலும் கூடுகட்டும் மணல் உப்புக்கொத்திகள் கூடக் கோடை முடியுமுன்னரே இக்கரைகளை அடைகின்றன. முதலில் வரும் முதிர்ந்த பறவைகளின் மார்பில் இனப்பெருக்க காலத்துச் செந்நிறம் மங்கிய திட்டுகளாக எஞ்சியிருக்க, சில வாரங்கள் கழித்து வரும் இளம் பறவைகள் வெளிறிய ஓரமுடைய புதிய சிறகுகளோடு தோன்றுகின்றன. சில அடி தூரம் ஓடி, சட்டென நின்று, சேற்றின் மேற்பரப்பிலிருந்து புழுவைக் கொத்தியெடுக்கும் இப்பறவை நீண்ட பயணத்தில் இழந்த கொழுப்பை மீட்டாக வேண்டியிருப்பதால், அடிக்கடி கலைக்கப்படும்போது இரைதேடும் நேரத்தோடு எஞ்சிய உடல்வலுவையும் இழக்கின்றது.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியில் நடைபெறுவதால், கோடை முடிவில் தங்கி இளைப்பாறித் தெற்கே செல்லும் பறவைகள் அதன் எண்ணிக்கையில் முழுமையாக இடம்பெற வாய்ப்பில்லை. 2025 செப்டெம்பரில் மண்டைதீவில் பன்னாட்டுத் துடுப்பாட்ட மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டதும் அவை வந்திறங்கும் இதே பருவத்திலாகும். குடாநாட்டு இளைஞருக்கு விளையாட்டரங்கு தேவை என்பதில் ஐயமில்லை. எனினும் எந்த நிலம் அதற்கு ஏற்றது என்பதை, அங்கு பறவைகள் வந்திறங்கும் மாதங்களின் தரவு இன்றித் தீர்மானித்தல் முறையாகாது.

பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள கோடியக்கரை 1967இல் சரணாலயமாகவும், 2002இல் ராம்சார் ஈரநிலமாகவும், அதாவது 1971ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கையின் கீழ் ஏற்கப்பட்ட ஈரநிலமாகவும், அறிவிக்கப்பட்டது. இலங்கை அவ்வுடன்படிக்கையில் 1990இல் இணைந்தது. மன்னாரின் வங்காலை 2010இல் அத்தகுதியைப் பெற்றது. 1938இல் சரணாலயமாகி 2015இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்ட சுண்டிக்குளம் தவிர, குடாநாட்டுக் கடனீரேரிக் கரைகளின் பெரும்பகுதி உரிய காப்பின்றியே உள்ளது.

ஆகவே தங்கள் திணைக்களம் ஆகஸ்ட் முதல் ஒக்டோபர் வரையிலான கணக்கெடுப்பை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து தொடங்க வேண்டும். அதன் முடிவு வெளியாகும்வரை கரையோரத் தரவைகளில் புதிய கட்டுமானங்களுக்கு இணக்கம் அளிக்கலாகாது. குறைந்தது 20,000 நீர்ப்பறவைகள், அல்லது ஓர் இனத்தொகையின் 1 சதவீதம் என்னும் ராம்சார் அளவுகோல்களைக் கொண்டு இக்கடனீரேரிகளின் தகுதியும் ஆராயப்பட வேண்டும். ஆழமற்ற நீரில் தடிகளை நட்டு வலைகட்டும் களங்கண்டித் தொழிலாளர் இக்கரைகளை நாள்தோறும் அறிந்தவர்கள் என்பதால், காப்புக்கான எல்லைக் கற்கள் நாட்டப்படுமுன் அவர்களுடைய தொழில் உரிமை எழுத்தில் உறுதிசெய்யப்பட வேண்டும். மக்களை அந்நியப்படுத்தும் காப்பு நிலைப்பதில்லை. அவர்களைப் பங்காளிகளாக்கும் காப்பையே குடாநாடு தங்களிடம் எதிர்பார்க்கின்றது.

பணிவுடன்,
யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பறவை ஆர்வலர் ஒருவர்