டிரவுட் மீனும் கிட்டங்கி விராலும்

ஹோட்டன் சமவெளிக்குக் கல்விச் சுற்றுலா சென்ற மாணவர் குழுவொன்றில் நானும் இருந்தேன். ஓடையொன்றின் தெளிந்த நீரிலே, கற்களுக்கிடையில், மீனொன்று ஓட்டத்தை எதிர்த்து அசையாது நிற்பதைக் கண்டோம். அது டிரவுட் மீன் என்றார் உடன்வந்த நண்பரொருவர். அத்தோடு அவர் நிறுத்தவில்லை. "வெள்ளைக்காரன் இந்த ஆற்றைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தான், நம்மவருக்கோ ஆற்றைக் கண்டால் குப்பை கொட்டத்தான் தெரியும்" என்றும் கூறினார். கூடியிருந்தோர் சிரித்தனர். நானும் சிரித்தேன்.

விடுமுறையில் ஊருக்குத் திரும்பிக் கிட்டங்கித் தாம்போதியில் நின்றபோதுதான் அந்தச் சிரிப்பு என்னை உறுத்தியது. நண்பரின் கூற்றில் பாதி பொய், பாதி உண்மை. அப்பொய்யை மறுப்பதும், அவ்வுண்மையை ஒப்புக்கொள்வதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எதிர்த்தரப்பின் சிறப்பை முதலிற் கூறிவிடுதல் முறை. டிரவுட் பிடிப்போர் கையாளும் ஈத்தூண்டில், புழுவைக் குத்தி நீரில் அமிழ்த்திவிட்டுக் கரையிலே குந்தியிருக்கும் தூண்டிலன்று. பறவையின் இறகையும் விலங்கின் மயிரையும் நூலையும் சிறியதொரு முள்ளிற் சுற்றி, ஓர் ஈயைப் போலவே கட்டுவர். அந்தப் பொய் ஈக்குப் பாரமில்லை. பாரம் முழுவதும் தூண்டிற் கயிற்றிலேயே உண்டு. அக்கயிற்றைத் தலைக்குமேல் முன்னும் பின்னும் வீசி, ஈ தானாகவே வந்து அமர்ந்ததுபோல நீர்மேல் இறக்குவதே அவர்தம் கலை. எக்காலத்தில் எந்தப் பூச்சி நீரிலிருந்து எழும், எந்தக் கல்லின் அடியில் எதன் குடம்பி ஒட்டியிருக்கும் என்பதை அறியாதவன் இதில் வெற்றி காணல் அரிது. ஆகவே நல்ல ஈத்தூண்டிற்காரன் தன்னையறியாமலே ஆற்றின் மாணாக்கனாகிவிடுகிறான்.

அம்மீனும் அத்தகையதே. குளிர்ந்த, ஒட்சிசன் நிறைந்த நீரிலன்றி அது வாழாது. பரற்கற்களின் இடையே முட்டையிடும். மலைமண் கரைந்து வந்து பரல்களை மூடினால், முட்டைகள் மூச்சடைத்து அழியும். ஆற்றின் உடல்நலத்தை அறிவதற்கு டிரவுட் ஒரு நாடி போன்றது. இவ்வளவையும் நான் மறுக்கவில்லை.

நான் மறுப்பது வரலாற்றைப் பற்றிய ஒரு மயக்கத்தையே.

டிரவுட் நம் நாட்டு மீனன்று. பழுப்பு டிரவுட் ஐரோப்பாவுக்கு உரியது. வானவில் டிரவுட் வட அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு உரியது. 1882 ஆம் ஆண்டிலே பழுப்பு டிரவுட் மீனின் முட்டைகள் இங்கிலாந்திலிருந்து கொண்டுவரப்பட்டு நுவரெலியாவில் பொரிக்க வைக்கப்பட்டன. அந்நூற்றாண்டு முடிவதற்குள் வானவில் டிரவுட்டும் வந்து சேர்ந்தது. பழுப்பு மீன் இங்கு வேரூன்றவில்லை. வானவில் மீனே மலையோடைகளில் தானாக இனம் பெருக்கியது. இம்மீனுக்கெனத் தோட்டத்துரைமாரும் அதிகாரிகளும் கழகம் அமைத்தனர்; குஞ்சு பொரிப்பகம் நடத்தினர். நீலகிரியிலும் இதே கதைதான். அங்கு 1879 இலேயே வேட்டை விலங்குகளையும் மீன்களையும் பேணுவதற்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 1907 இல் அவலாஞ்சியிலே பொரிப்பகம் எழுந்தது.

அவர்கள் காத்தது ஆற்றையா, தம் ஆட்டத்தையா? மலைநாட்டின் காடுகளைக் கோப்பிக்காக வெட்டி வீழ்த்தியவர்கள் யார்? 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னர், அதே சரிவுகளிலே தேயிலையை நட்டவர்கள் யார்? காடிழந்த சரிவுகளின் மண் மழைதோறும் ஓடைகளில் இறங்கிற்று. அந்தச் சரிவுகளிலே கொழுந்து பறித்த மக்களோ, ஓடைக்கரை லயன்களில் வாழ்ந்தும் ஓடைக்கு உரியவராக எண்ணப்படவில்லை. ஒரு கையால் ஆற்றின் தாயாகிய காட்டை அழித்து, மறுகையால் அதே ஆற்றில் விளையாட்டு மீனை விடுவதைப் பாதுகாப்பு என்று பெயரிட்டழைக்க என் மனம் ஒப்பவில்லை.

"ஹோட்டன் சமவெளி இன்றும் பசுமையாக இருக்கின்றதே" என நண்பர் கேட்கக்கூடும். உண்மை, ஆயின் அதற்குக் காரணம் டிரவுட் அன்று. 1873 ஆம் ஆண்டில், 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டாது விட்டுவைக்க வேண்டுமெனத் தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கர் ஆலோசனை கூறினார். குடியேற்ற அரசும் அதற்குச் செவிசாய்த்தது. டிரவுட் முட்டை இங்கு வந்தது அதற்கு ஒன்பது ஆண்டுகள் கழித்தே. ஹூக்கரும் வெள்ளையரே, ஆயினும் அவர் காக்கச் சொன்னது காட்டை. பின்னர் 1969 இல் அச்சமவெளி சரணாலயமாகவும், 1988 இல் தேசிய பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. 2010 இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. நம் பல்கலைக்கழகத்தைத் தழுவி ஓடும் மகாவலிக்கு நீரூட்டும் ஓடைகளுட் சில அம்மேட்டிலேதான் பிறக்கின்றன. காடு நின்றமையால் ஆறு நின்றது. ஆறு நின்றமையாலேயே அந்நிய மீனுக்கும் அங்கு வாழ்வு கிடைத்தது.

அவ்வோடைகளிலே சிறியதொரு நன்னீர் இறால் வாழ்கின்றது. உலகில் வேறெங்கும் இல்லாத இனம் அது. அதற்குள்ள அச்சுறுத்தல்களுள் ஒன்றாக ஆய்வாளர்கள் டிரவுட் மீனையே சுட்டுகின்றனர். தூண்டிற்காரனின் கண்ணுக்கு அவ்விறால் மீனின் இரை, அவ்வளவே. எனவேதான் டிரவுட் குஞ்சுகளை மீண்டும் மலையாறுகளில் விட்டுச் சுற்றுலாவை வளர்த்தால் ஆறுகளும் பிழைக்கும் என்னும் வாதத்தை நான் ஏற்கவில்லை. அது மாப்பிள்ளையை விட்டுவிட்டுத் தலைப்பாகைக்குப் பந்தல் போடுவது போன்றது.

என் வாதம் அந்நிய மீன் என்னும் வெறுப்பிலிருந்து எழுவதன்று. நாம் உண்ணும் திலாப்பியாவும் 1952 இல் ஆபிரிக்க இனத்திலிருந்து கொண்டுவரப்பட்டதே. அது பல ஏழைக் குடும்பங்களின் அடுப்பில் கறியாயிற்று என்பதை மறந்து பேசுதல் நன்றிகேடு. வந்த மீன் எந்த நாட்டது என்பதைவிட, நீரைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமையும் அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பும் யாருடையவை என்பதே முக்கியமானது.

இவ்விடத்தில் ஈத்தூண்டிற்காரரிடமிருந்தே நாம் கற்கவேண்டிய பாடமொன்று உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலே ஓ சேபிள் என்றோர் ஆறு ஓடுகின்றது. அதன் கரையிலுள்ள ஊருக்குக் கிரேலிங் என்று பெயர். கிரேலிங் என்பது அவ்வாற்றில் ஒருகாலத்தில் நிறைந்திருந்த மீனின் பெயர். மரம் வெட்டுவோர் காட்டை அழித்து, மரக்குற்றிகளை ஆற்றிலே மிதக்கவிட்டு, அதன் படுக்கையைக் கிழித்தனர். பிடிப்போரும் அளவின்றிப் பிடித்தனர். 1930 களில் அம்மாநிலத்திலேயே அம்மீன் இல்லாதொழிந்தது. மீன் போயிற்று, ஊரின் பெயர்ப்பலகை மட்டும் எஞ்சியது.

அதே ஆற்றங்கரையில் 1959 ஆம் ஆண்டு ஜோர்ஜ் கிரிபித் என்பவரின் வீட்டிலே தூண்டிற்காரர் சிலர் கூடி, 'டிரவுட் அன்லிமிடெட்' என்னும் அமைப்பைத் தொடங்கினர். அவர்கள் அரசிடம் "இன்னும் அதிகமான குஞ்சுகளை ஆற்றில் விடுங்கள்" என்று கேட்கவில்லை. பொரிப்பகத்து மீனை ஆற்றிற் கொட்டுவதைப் பாதுகாப்பென நம்பிய கொள்கையையே எதிர்த்தனர். ஆற்றின் கரையையும் நீரையும் முட்டையிடும் பரலையும் காத்தால் மீன் தானே பெருகும் என வாதாடினர். ஆற்றிலே இறங்கி நின்றவர்கள், மேசையிலிருந்து ஆற்றை ஆண்டவர்களைக் கேள்வி கேட்டார்கள். நண்பரின் கூற்றில் பாதி உண்மை என்றேனே, அது இங்கேதான் இருக்கிறது. தம் ஆற்றுக்காகக் கூடிநிற்கும் பழக்கம் அவர்களிடம் உண்டு. நம்மிடம் உண்டா?

எம் ஊராகிய நற்பிட்டிமுனைக்கும் சேனைக்குடியிருப்புக்கும் மேற்கே, சவளக்கடைக்குச் செல்லும் வழியிலே கிட்டங்கி கிடக்கின்றது. மாரியில் மேட்டுநிலத்து மழைநீரும் வயல்களின் வடிகாலும் அங்கு வந்து கூடும். தாம்போதி நீருள் மூழ்கி, மக்கள் தோணியேறிக் கடந்த மாரிகளை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். கோடையிலே அதே நீர் வடிந்து சேறும் புல்லுமாய் நிற்கும். அந்நீரிலே விரால் உண்டு, சுங்கான் உண்டு, கெளிறு உண்டு, பனையேறி உண்டு. இவற்றுக்காக எந்தத் துரையும் கழகம் அமைக்கவில்லை. ஆயினும் இவற்றைப் பேணும் அறிவு எம் மக்களிடம் இல்லாமலில்லை.

என் மூத்தவாப்பா கிட்டங்கியில் வலைவீசியவர். விரால் தன் செந்நிறப் பார்ப்புகளைக் கூட்டிக்கொண்டு மேய்க்கும் காலத்தில், அந்தக் கூட்டத்தின் அருகே தூண்டில் போட எவரையும் அவர் விடமாட்டார். "தாயப் புடிச்சா அவ்வளவு குஞ்சும் கொக்குக்குத்தான் மகன்" என்பார். அவர் பள்ளிக்கூடம் கண்டதில்லை. காவல் நிற்கும் பெற்றோர் மீனைப் பிடித்துவிட்டால் பார்ப்புகள் பாதுகாப்பிழந்து அழியும் என்பதை விலங்கியலாளர் இன்று நூலில் எழுதுகின்றனர்; அவர் அதைக் கரையிலே நின்று அறிந்திருந்தார். அவருடன் தோணியில் சென்ற கூட்டாளி சேனைக்குடியிருப்பைச் சேர்ந்த தமிழர். பிடித்ததைப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். காலத்தையும் கட்டுப்பாட்டையும் ஒன்றாகவே கைக்கொண்டார்கள். அக்கட்டுப்பாட்டுக்குச் சட்டப்புத்தகம் இல்லை; சொல்லுக்கு மதிப்பிருந்தது.

பின்னர் போர் வந்தது. ஒருவரையொருவர் அஞ்சிய ஆண்டுகள் வந்தன. இருவரும் ஒரு தோணியில் ஏறுவது நின்றது. அவர்களுக்கிடையே வழங்கிய கட்டுப்பாடும் அத்தோடு கரைந்தது. தனித்தனியே நின்ற இரு சமூகங்களும் ஒரே நீரைத் தத்தம் பக்கத்திலிருந்து சிதைக்கலாயின. இன்று தங்கூசி வலை சிறுகுஞ்சையும் விடுவதில்லை. ஆற்றுவாழை நீர்முகத்தை மூடுகின்றது. வயலுக்குத் தெளிக்கும் நஞ்சு வாய்க்கால் வழியே வந்திறங்குகின்றது. தாழ்நிலங்களிலே கழிவும் கட்டட இடிபாடும் கொட்டப்பட்டு, அதன்மேல் மண் பரப்பப்பட்டு, ஓரிரு மாரிக்குள் அது வளவாகிவிடுகின்றது. நீர் தங்கிய இடத்தை நாமே பறித்துவிட்டு, வீட்டுக்குள் வெள்ளம் புகுந்ததும் வானத்தைக் குறைகூறுகிறோம். "அவர்கள் கொட்டினார்கள்" என்று இப்பக்கத்தார் அப்பக்கத்தாரைக் காட்டுவர், அப்பக்கத்தாரும் அவ்வாறே. நீருக்கு இந்த எல்லைகள் தெரியாது. விராலுக்குப் பிரதேச செயலகப் பிரிவும் தெரியாது.

இவற்றுக்கிடையே எம் நாட்டுக் குளங்களில் அவ்வப்போது விழாவொன்று நடைபெறுகின்றது. பொலித்தீன் பைகளில் மீன்குஞ்சுகள் வரும், மாலைகள் வரும், பிரமுகர்கள் வருவர், நிழற்படம் எடுக்கப்படும், குஞ்சுகள் நீரில் விடப்படும். நல்ல நீரில் விட்டால் அதனால் பயனுண்டு என்பதை மறுப்பாரில்லை. ஆயின் நஞ்சும் குப்பையும் சேரும் நீரிலே குஞ்சை விட்டுக் கைதட்டுவது, நுவரெலியாத் துரைமாரின் பிழையை நாமே மறுபடி அரங்கேற்றுவதாகும். அவர்கள் மீனை விட்டனர், காட்டை வெட்டினர். நாம் குஞ்சை விடுகிறோம், நீர்நிலையை நிரப்புகிறோம்.

என்ன செய்யலாம்? 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் வளங்கள் சட்டம் மீன்பிடி முகாமைத்துவப் பகுதிகளைப் பிரகடனம் செய்ய வழிவகுக்கின்றது. அப்பகுதிகளில் தொழில்செய்யும் பதிவுபெற்ற மீனவர்கள் தாமே குழுக்களாக அமையவும் அச்சட்டம் இடமளிக்கின்றது. இது உள்ளபோது நாம் ஏன் கைகட்டி நிற்கவேண்டும்? கிட்டங்கியில் வலைவீசும் முஸ்லிம்களும் தமிழரும் ஒரே குழுவாகப் பதிவுபெறட்டும். நீர்நிலையின் எல்லையை அளந்து கல்நாட்டுமாறு அக்குழு கோரட்டும்; அக்கல்லுக்கு உட்பட்ட நிலத்திலே ஒரு கூடை மண்ணும் விழாதிருக்கக் காவல் நிற்கட்டும். மாரியின் தொடக்கத்தில் விரால் பார்ப்பு மேய்க்கும் வாரங்களுக்கு வலையை மடித்துவைக்கும் பழைய கட்டுப்பாட்டை எழுத்திலே மீட்கட்டும். இவையெல்லாம் நிறைவேறிய பின்னர் குஞ்சு விடும் விழாவை வைத்துக்கொள்ளலாம். மாலையை நானே வாங்கிக் கொடுக்கிறேன்.

இதனால் அந்த வாரங்களிலே அன்றாடம் பிடித்து அன்றாடம் உண்ணும் குடும்பங்களின் அடுப்பு அணையும் என்பது பொருத்தமான எதிர்வாதமே. விளையாட்டுக்காகத் தூண்டில் போடுபவன் பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடலாம். வயிற்றுக்காக வலைவீசுபவன் அவ்வாறு விட முடியாது. ஆகவே அவ்விழப்பை மீனவன் தலையில் மட்டும் சுமத்துவது அநீதி. ஊருக்கு வெள்ளம் வராமற் காக்கும் நிலத்தை அவன் காக்கின்றானெனின், அவ்வாரங்களிலே அவன் வீட்டுக்கு அரிசி கொடுப்பது ஊரின் கடன். பள்ளிவாசல்களும் கோயில்களும் ஊர்ச் சங்கங்களும் இதற்கு முன்வந்தால் அஃது ஆகாத செயலன்று.

என் நண்பருக்கு நான் அன்று சொல்லத் தவறிய பதில் இதுதான்: ஆற்றைக் காக்க எமக்கும் தெரியும். தெரிந்ததைச் சேர்ந்து செய்யத்தான் மறந்துவிட்டோம். மிச்சிகனிலே ஓர் ஊர், தன் ஆற்றில் இல்லாத மீனின் பெயரைச் சுமந்து நிற்கின்றது. நாளை எம் பிள்ளைகள் கிட்டங்கித் தாம்போதியில் நின்று, "விரால் என்றால் என்ன வாப்பா?" என்று கேட்கும் நாள் வரலாகாது. மூத்தவாப்பாவின் வலை எம் வீட்டு முகட்டிலே இன்னும் தொங்குகின்றது. அவருடைய கூட்டாளியின் பேரன் யாரென்பதும் எனக்குத் தெரியும். அடுத்த விடுமுறையில் முதலாவதாக அவர் வீட்டுக்குச் செல்லவிருக்கிறேன்.