இறாலின் கண்ணும் எங்கள் காணியும்

2006இல் இடம்பெயர்ந்த சம்பூர், மூதூர் கிழக்குக் குடும்பங்கள் பல ஆண்டுகள் காத்திருந்தே காணிக்குத் திரும்பின. கையில் விதைக்க முதல் இல்லாதபோது, "வயலை இறால் குளமாக்கத் தாருங்கள்" என்று ஒருவர் கேட்டால் மறுப்பது எளிதல்ல. பதில் சொல்லுமுன் அந்தத் தொழிலை அறிந்துகொள்வோம்.

இறாலின் கண்காம்பினுள் ஒரு சுரப்பித் தொகுதி உண்டு. முட்டை முதிர்வதைத் தடுத்து வைக்கும் ஓமோன் அங்கிருந்தே சுரக்கிறது. தொட்டியில் அடைபட்ட தாய் இறால் இலேசில் முட்டையிடாது. ஆகவே குஞ்சு பொரிப்பகங்களில் அதன் ஒரு கண்காம்பை வெட்டி விடுவார்கள். தடை குறைந்ததும் சில நாட்களில் முட்டை முதிரும். அந்த ஓமோனுக்குரிய மரபணுவை இனங்கண்ட தாய்லாந்து ஆய்வாளர், கண்ணை வெட்டாமலே அதை அடக்க முயன்று வந்துள்ளனர். வரவேற்க வேண்டிய முயற்சிதான்.

ஆனால் முட்டை பெருகுவது வேறு, பண்ணை நிலைப்பது வேறு. 1996இல் வெண்புள்ளி நோய் புத்தளம் மாவட்டப் பண்ணைகளைச் சீரழித்தது. அதே ஆண்டு டிசம்பரில், காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், விளைநிலத்தை இறால் குளமாக்கக் கூடாதென இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இறாலின் தடையை விஞ்ஞானம் நீக்கலாம். வயலில் ஏறிய உப்பை அப்படி நீக்க முடியாது.

ஆகவே கேளுங்கள்: குஞ்சுகளுக்கு நோய்ப் பரிசோதனை நடந்ததா? கழிவுநீர் எங்கே போகும்? அயல் கிணறு உப்பானால் யார் பொறுப்பு? பண்ணையைக் கைவிட்டால் வரம்பை யார் திருத்தித் தருவார்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஊர் கூடிப் பேசாமல் எவரும் தனியே கையொப்பம் இட வேண்டாம்.