கைங்கரியமா, பாத்தியதையா?

நாற்பது வருஷங்களுக்கு ஒரு முறை அனந்தஸரஸ் புஷ்கரிணியினின்று வெளிவரும் அத்தி வரதரைத் தரிசிக்க 2019-ஆம் வருஷம் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் காஞ்சீபுரத்தில் லக்ஷோபலக்ஷம் ஜனங்கள் வெயிலிற் காத்து நின்றார்கள். படித்த நண்பர்கள் சிலர் அதை மூடபக்தி என்று நகைத்தனர். வேறு சிலர் தேசத்தில் ஆன்மிகம் தழைத்துவிட்டதென்று பூரித்தனர். இரண்டும் அவசர அபிப்பிராயமென்பது நமது கருத்து. தரிசனம் ஆன்மிகத்தின் ஒரு முகம், முழு முகமன்று.

அதே வரதராஜர் ஸந்நிதியிற்றான் பிரபந்த பாராயணத்தில் முன்வரிசை யாருக்கு, தொடக்கத்தில் வேதாந்த தேசிகர் துதியா, மணவாள மாமுனிகள் துதியா என்று வடகலையாரும் தென்கலையாரும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வழக்காடி கோர்ட்டுகளுக்குச் சென்றிருக்கிறார்கள். பாத்தியதை என்பது சட்டத்தில் மதிப்புள்ள சொல்லே. வக்கீல் தொழிலிற் பழகிய நாம் அதை மறுக்கவில்லை. ஆயின் எம்பெருமான் திருமுன்பு நிற்பதும் மிராசு ஆகிவிட்டால், பக்திக்கு அங்கே இடம் ஏது?

இரு கலையாரும் வணங்கும் ஸ்ரீ ராமாநுஜரின் சரித்திரத்தைப் பார்ப்போம். திருக்கச்சி நம்பி வைசிய குலத்தவர். வரதருக்கு ஆலவட்டம் வீசியவர். ஸகல சாஸ்திரங்களையும் கற்ற ராமாநுஜர் தமது ஸந்தேகங்களை அவர் மூலமாகவே பெருமாளிடம் விண்ணப்பித்தார் என்றும், அவர் சொற்படி சாலைக்கிணற்றிலிருந்து நாள்தோறும் தீர்த்தம் சுமந்தார் என்றும் குருபரம்பரை கூறுகிறது. விசிறி பிடித்த கையினிடம் வேதாந்தம் கைகட்டி நின்றது! ஞானமும், தொண்டும், உடலுழைப்பும் அங்கே வெவ்வேறாக இல்லை.

இன்றும் பிள்ளையார்பாளையத்துக்குச் சென்று ஒரு கோர்வைத் தறியைப் பார்க்கலாம். புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அவை இழைக்கு இழை பூட்டிக்கொள்ள, இருவர் ஒரே தறியில் மூன்று நாடாக்களை எறிய வேண்டும். ஒருவர் கையை நிறுத்தினால் மற்றவர் வேலையும் நின்றுவிடும். அந்தப் பட்டை அணிந்து கோயிலுக்குப் போகிறவர்கள் நெய்தவர் பெயரை விசாரிப்பதில்லை. அவரும் துணியில் தம் பெயரைப் போட்டுக்கொள்வதில்லை. இதையும் தபஸ் என்று சொல்ல நாம் கூசவில்லை. ஆனால் அப்படிச் சொல்லிவிட்டுக் கூலியைக் குறைப்பது அதர்மம்.

இரண்டு நெசவாளர் ஒரு தறியில் ஒத்துப்போகும் ஊரில், இரண்டு கலையார் ஒரு ஸந்நிதியில் ஒத்துப்போகக் கூடாதா? கோர்ட்டுப் படியேறுவதை விட்டு இரு கக்ஷியாரும் கலந்து பேசி, முறைவைத்தோ சேர்ந்தோ பாராயணம் செய்ய முன்வர வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம். வக்கீல்களுக்குச் சிறிது நஷ்டம் நேரலாம். அதை நாங்கள் பொறுத்துக்கொள்ளுவோம்.