பிழிந்ததும் குடிக்காதீர்கள்!

அக்டோபர் பிறந்தால், அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் ஆப்பிள் தோட்டங்களுக்குக் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிடுவார்கள். பறித்து வந்த பழங்களை வீட்டிலேயே பிழிந்து 'சைடர்' எடுப்பவர்களும் உண்டு. அங்கே சைடர் என்றால் பெரும்பாலும் மது அல்ல. வடிகட்டாத, பழுப்பு நிற ஆப்பிள் சாறு.

பிள்ளைகள் பழம் கழுவ, அம்மா நறுக்க, அப்பா கைப்பிடி சுற்றி அரைப்பார். அரைத்ததைத் துணியில் கட்டி, மர அழுத்தியில் வைத்துத் திருகினால் சாறு கொட்டும். 19 கிலோ பழத்துக்குச் சுமார் 11 லிட்டர். இனிப்பு ரகத்தோடு கொஞ்சம் புளிப்பு ரகமும் சேர்ந்தால்தான் ருசி.

சாறு வழியும்போதே டம்ளரை நீட்டுவார்கள் குட்டீஸ். அங்கேதான் கவனம் தேவை! தரையில் விழுந்த பழத்தில் மான், மாடு இவற்றின் சாணத்திலிருந்து ஈ.கோலை கிருமி ஒட்டியிருக்கலாம். 1996-ல் கிருமி நீக்காத ஆப்பிள் சாற்றால் அமெரிக்காவில் பலர் நோயுற்றனர்; ஒரு குழந்தை இறந்தே போனது. அதன்பிறகுதான், அப்படிப்பட்ட சாற்றுப் பாட்டில்களில் எச்சரிக்கை வாசகம் கட்டாயமானது.

ஆகவே, மரத்திலிருந்து பறித்த நல்ல பழங்களை மட்டும் பிழியுங்கள். சாற்றை 71 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்குங்கள். அப்போதே ஒரு பட்டை, இரண்டு கிராம்பு போட்டால் வீடே மணக்கும். குட்டீஸும் பொறுமையாகக் காத்திருப்பார்கள்!