சிப்புகளுக்கு நடுவே ஒரு வேலி!

2022 அக்டோபரில் அமெரிக்க அரசாங்கம் ஒரு தடை போட்டது. மிக வேகமான கம்ப்யூட்டர் சிப்புகளைச் சீனாவுக்கு விற்கக் கூடாது என்பது தடை.

எது வேகமான சிப்பு? இரண்டு அளவு வைத்தார்கள். ஒன்று, கணக்குப் போடும் வேகம். மற்றொன்று, அடுத்த சிப்புடன் பேசும் வேகம். பேச்சுக்கு வினாடிக்கு 600 கிகாபைட் என்று கோடு கிழித்தார்கள். இரண்டு கோட்டையும் எட்டினால்தான் தடை!

பேச்சுக்கு ஏன் இந்த மதிப்பு?

செயற்கை அறிவுக்கு ஒரு சிப்பு போதாது. ஆயிரக்கணக்கில் வேண்டும். ஒன்று போட்ட கணக்கு மற்றதற்குப் போய்ச் சேர வேண்டும். சேரும் வரை அது சும்மா காத்திருக்கும். நூறு சமையல்காரர் இருந்தும் பரிமாற ஒரே ஆள் என்றால் பந்தி என்ன ஆகும்?

என்விடியா கம்பெனி தந்திரம் செய்தது. அதன் "ஏ100" சிப்பின் பேச்சு வேகம் 600. அதை 400 ஆகக் குறைத்து, "ஏ800" என்று பெயர் சூட்டிச் சீனாவுக்கு விற்றது. கணக்கு வேகத்தில் கை வைக்கவில்லை! பின்னால் வந்த "எச்800" சிப்புக்கும் 400தான்.

2023 அக்டோபரில் அமெரிக்கா விழித்துக் கொண்டது. 600 என்ற அளவையே நீக்கி, இந்த இரண்டு சிப்புகளையும் தடுத்தது. காலம் கடந்த காரியம்! அதற்குள் சீனாவில் சிப்புகள் இறங்கிவிட்டன.

சீனாவின் டீப்சீக் கம்பெனி 2,048 எச்800 சிப்புகளைக் கொண்டு ஒரு செயற்கை அறிவைப் பழக்கியது. ஒவ்வொரு சிப்பிலும் 132 கணக்குப் பிரிவுகள். அவற்றில் 20-ஐப் பேச்சு வேலைக்கே ஒதுக்கினார்கள். 2024 டிசம்பரில் அது வெளிவந்தது. அதன் மேல் கட்டிய அடுத்த பதிப்பு 2025 ஜனவரியில் வந்தது. அந்த மாதம் 27-ந் தேதி, ஒரே நாளில், என்விடியா பங்கு 17 சதவீதம் சரிந்தது!

மின்சாரம் குடிக்கும் பேச்சு

வேகத்தைக் கூட்டக் கூட்ட, செப்புக் கம்பியில் சிக்னல் தேய்கிறது. தேய்ந்ததைச் சரிசெய்ய மேலும் மின்சாரம் வேண்டும். கண்ணாடி இழையில் ஒளியாக அனுப்பினால் வெகு தூரம் போகும். ஆனால் மின்சாரத்தை ஒளியாக்கி, மறுபடி மின்சாரமாக்கும் செலவு உண்டு.

2024-ல் என்விடியா 72 சிப்புகளை ஒரே அலமாரியில் நெருக்கி வைத்து, 5,000 செப்புக் கம்பிகளால் இணைத்தது. ஒளி வழியில் போயிருந்தால் 20 கிலோவாட் கூடுதலாகியிருக்கும் என்றார் அதன் தலைவர் ஜென்சன் ஹுவாங். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் 20-ஐ ஓயாமல் சுட வைத்தது போல!

2025-ல் சீனாவின் ஹுவாவே கம்பெனி ஒளி வழியிலேயே போனது. 384 சிப்புகளை இணைத்தது. தனித்தனியே அவை என்விடியா சிப்பைவிட மெதுவானவை. கூட்டமாகச் சேர்ந்து ஈடுகட்டின. மின்சாரச் செலவு என்விடியா அலமாரியைப் போல் சுமார் 4 மடங்கு என்பது வெளியார் கணக்கு. சீனா அதற்கு அஞ்சவில்லை. அங்கே உற்பத்தியாகும் மின்சாரம், அமெரிக்காவில் உற்பத்தியாவதைப் போல் 2 மடங்குக்கும் மேல்.