நிரம்பிய தொட்டியும் நிலைதவறிய நாவும்



வெளிநாடு சென்ற என் மைத்துனர் விட்டுச்சென்ற பழைய பெட்ரோல் கார் ஒன்று என் பொறுப்பில் இருக்கிறது. கடந்த ரமளானுக்குப் பின் அதற்கொரு விந்தையான நோய் கண்டது. பெட்ரோல் நிரப்பியவுடன் சாவியைத் திருப்பினால் கிளம்பாது. மூன்றாம், நான்காம் முறையில் நடுங்கியவாறு உயிர்பெறும்; பெட்ரோல் வாடையும் வீசும். மறுநாள் ஒன்றும் அறியாததுபோல் ஓடும்.

பங்க்கில் கலப்படம் செய்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். அதோடு நில்லாமல், இஷாவுக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் நால்வரிடம் சொல்லியும் விட்டேன். அவர்களில் இருவர் அங்கே பெட்ரோல் போடுவதையே நிறுத்திக்கொண்டனர். வந்த செய்தியைத் தீர விசாரிக்கப் பணிக்கும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு விளக்குபவன் நான்!

எங்கள் மஹல்லாவிலுள்ள இளம் மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் காட்டினேன். என் தீர்ப்பை அவர் காதில் வாங்கவில்லை. "வேறு பங்க்கில் போட்டபோது எப்படி இருந்தது, ஹஜ்ரத்?" என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் நினைவுக்கு வந்தது: ஒரு நிக்காஹுக்காகத் திருச்சி சென்ற வழியில் நிரப்பியபோதும் இதே தொல்லைதான்.

பெட்ரோல் ஓயாமல் ஆவியாகும் பொருள். அந்த ஆவியில் புற்றுநோய் உண்டாக்கும் பென்சீனும் இருக்கிறது. காற்றைவிடக் கனமானதாகையால் தாழ்வான இடத்தில் தேங்கும். அடுப்பங்கரையை ஒட்டி வண்டி நிறுத்தும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். ஆவி வெளியேறாதபடி கரி நிரப்பிய ஒரு பெட்டி அதைப் பிடித்துவைக்கும். எஞ்சின் ஓடும்போது சிறு வால்வு ஒன்று தக்க நேரத்தில் திறந்து, அந்த ஆவியை எஞ்சினுக்குள் எரிய அனுப்பும். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1970ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்தே இத்தகைய ஏற்பாடு கட்டாயமாயிற்று. இன்று நம் நாட்டு மோட்டார் சைக்கிள்களிலும் உண்டு.

எஞ்சின் சூடேறுமுன் மெதுவாக ஓடவிட்டு, வால்வின் மின் இணைப்பைக் கழற்றினார் அவர். மின்சாரம் இல்லையேல் அது மூடியிருக்க வேண்டும். கரிப்பெட்டியிலிருந்து வரும் குழாயை வால்விலிருந்து உருவிவிட்டு, அந்த வாயில் விரலை வைத்தார். என்னையும் வைக்கச் சொன்னார். விரலை உறிஞ்சி இழுத்தது. வால்வைக் கழற்றித் தட்டியபோது கரித்துகள்கள் உதிர்ந்தன. கரிப்பெட்டியோ பெட்ரோலில் நனைந்து கனத்திருந்தது. எச்சரிக்கை விளக்கு கடைசிவரை எரியவேயில்லை.

"குழாய் தானாக நின்ற பிறகும் போடச் சொல்வீர்களோ?"

உண்மைதான். சில்லறைக் கணக்கு வேண்டாமென்று, "ரவுண்டாகப் போடப்பா" என்பது என் நெடுநாள் வழக்கம். ஆவிக்கான வழியில் பெட்ரோலே புகுந்து கரியை ஊறவைத்திருக்கிறது. உதிர்ந்த துகள் வால்வை மூடவிடாமல் சிக்கியிருக்கிறது. தொட்டி நிரம்பும்போது எழும் ஆவியெல்லாம் கட்டுப்பாடின்றி எஞ்சினுக்குள் பாய்ந்ததே கோளாறு. அந்தக் குழாயை அடைத்துவிட்டால் செலவில்லை என்று அருகிலிருந்த ஒருவர் யோசனை சொன்னார். ஆவி தெருவுக்குத்தானே போகும்? இரண்டையும் மாற்றச் சொன்னேன். அல்ஹம்துலில்லாஹ், நோய் தீர்ந்தது.

அன்றிரவு திண்ணையில் அந்த நால்வரில் மூவரைப் பிடித்து உண்மையைச் சொன்னேன். நான்காமவர் சென்னையில் இருந்ததால் தொலைபேசியில் சொன்னேன். பங்க் உரிமையாளரிடம் செல்வதுதான் கடினமாக இருந்தது. அவர் சிரித்து, "போகட்டும் ஹஜ்ரத்" என்றார். வெளியே வந்தபோது பணியாளர் வழக்கம்போல், "ரவுண்டாகப் போட்டுவிடவா?" என்று கேட்டார்.

"வேண்டாம் தம்பி, தானாக நிற்குமிடத்தில் நிறுத்திவிடு."