ஆசிட்டுக்குப் பயம், சுண்ணாம்புக்கு?

பாத்ரூம் கழுவும் ஆசிட் பாட்டிலை நம் வீடுகளில் பரண்மேல் ஏற்றி வைப்பார்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு பாக்கெட்டோ பிள்ளைகள் கைக்கு எட்டுகிற ஜன்னல் திட்டில் கிடக்கும். வேதியியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்தப் பாரபட்சத்தில் பாடப்புத்தகத்துக்கும் பங்கு உண்டு என்பேன்.

நீல லிட்மஸ் அமிலத்தில் சிவப்பாகும், சிவப்பு லிட்மஸ் காரத்தில் நீலமாகும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிள்ளைகள் சொல்வார்கள். சுண்ணாம்பு போன்ற காரம் தொட்டால் வழவழவென்று இருக்கும் என்றும் ஒரு வரி வரும். ஏன் அந்த வழவழப்பு? தோலில் இருக்கும் நம் கொழுப்பையே அது சோப்பாக்கிக்கொண்டிருக்கிறது. இதைச் சொன்னால் வகுப்பே 'சீ' என்று முகம் சுளிக்கும். அப்புறம் யாரும் விரலை விடமாட்டார்கள்.

கண்ணில் பட்டால் இன்னும் மோசம். அமிலம் மேற்பரப்பிலுள்ள புரதத்தை உறையவைக்கும். உறைந்த அந்தப் படலமே அது மேலும் இறங்காதபடி ஓரளவு தடுக்கும். வீரியமான அமிலத்துக்கு இந்தச் சலுகையும் கிடையாது என்பது வேறு விஷயம். காரமோ செல்களின் சவ்வுக் கொழுப்பைச் சிதைத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். தெளிந்த சுண்ணாம்பு நீரின் பி.எச். 12-ஐத் தாண்டும். ஒரு படி ஏறினால் காரத்தன்மை 10 மடங்கு. நடுநிலையான 7-லிருந்து 12 என்றால் 1 லட்சம் மடங்கு. போதாக்குறைக்கு, துகள்கள் இமைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு கண்ணீரில் கொஞ்சங்கொஞ்சமாகக் கரையும். பாக்கெட்டை அமுக்கி விளையாடும்போது கண்ணில் தெறித்துப் பார்வை பாதிக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றி நம் நாட்டுக் கண் மருத்துவர்கள் மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள்.

அமிலமும் காரமும் ஒன்றையொன்று சமன்செய்யும் நடுநிலையாக்கல் பாடத்தை நடத்திய மறுநாள் ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், கண்ணுல சுண்ணாம்பு பட்டா எலுமிச்சம்பழம் பிழிஞ்சா சரியாயிடும்ல?" பரீட்சையில் எழுதியிருந்தால் மார்க்கைக் குறைக்க மனம் வராது. ஆனால் அமிலமும் காரமும் சேர்ந்தால் வெப்பம் வெளிப்படும் என்பதும் அதே பாடம்தான். காயம்பட்ட கண்ணில் அந்தச் சோதனையெல்லாம் கூடாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். இமையை விரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரை அரை மணி நேரமாவது விடாமல் ஊற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆட்டோ, ஆஸ்பத்திரி எல்லாம்.

கடை விற்பனையிலும் இதே பாரபட்சம்தான். ஆசிட் வீச்சுக்கு ஆளான லட்சுமி தொடுத்த வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம், அடையாள அட்டை பார்க்காமல், பதிவேட்டில் எழுதாமல் ஆசிட்டைச் சில்லறையில் விற்கக் கூடாது என்றது. ஆசிட் வீச்சைத் தடுக்க வந்த, அவசியமான உத்தரவு. குழாய் அடைப்பு நீக்கும் பொடியோ, பெரும்பாலும் காஸ்டிக் சோடா என்ற கடுங்காரம், எங்கள் தெரு மளிகைக் கடையில் ஷாம்பு பாக்கெட்டுக்குப் பக்கத்தில் சரமாகத் தொங்குகிறது.

நடுநிலையாக்கல் பாடத்தோடு முதலுதவிக்கும் அரைப் பக்கம் ஒதுக்க வேண்டும். சுண்ணாம்பை மெல்லிய பிளாஸ்டிக் உறையில் அடைத்து விற்பதையும் நிறுத்த வேண்டும். பாட்டிகளின் பித்தளைக் கரண்டகமே எவ்வளவோ மேல்; மூடியாவது இருந்தது.

ஆபத்து பிள்ளைகளுக்கு மட்டுமல்ல. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வருபவர் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீரை ஊற்றியதும் டிரம் கொதித்துத் தெறிக்கும். அவருக்கு ஒரு பாதுகாப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்த வீட்டுக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை. அதையும் ஒரு வாளி நல்ல தண்ணீரையும், கூலி பேசும்போதே வீட்டுக்காரர்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும்.